மூணாவது தபா

பேய் உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஒன்பது வயதில் ஒரு பேய்க்கு என் கையால் சோறு போட்டவள் நான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். அந்தப் பேயிடமிருந்து எங்கள் நைனாவின் உயிரை நான்தான் காப்பாற்றினேன் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் தம்பியிடம் பீற்றிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள், எங்கள் வாயில் அப்படித்தான் வரும்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். வேர்க்கடலை போட்டிருந்த கொல்லைகளில் ஒவ்வொன்றாகச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட எங்கள் ஆட்கள் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிச் சங்கு ஊதினால் ஓடினார்கள். நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை வேலை. எட்டு வீடு வரிசையாக இருந்த லைனில் கடைசி வீடு எங்களுடையது. ஒரே அறை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

நைனாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பண்டிகையும் தண்டனையும் சேர்ந்து வரும். பண்டிகை காலை ஏழரைக்கு. வேலை முடிந்து வருகிற வழியில் ஸ்டேஷன் ரோட்டில் பூரி கட்டிக்கொண்டு வருவார். மற்ற நாளெல்லாம் பழைய சோறு சாப்பிடுகிற எங்களுக்கு அன்றைக்குத்தான் கடை நாஷ்டா. பூரி கட்டிவந்த மந்தார இலையைத் தம்பியும் நானும் சண்டை போட்டுக்கொண்டு நக்குவோம். எட்டு மணிக்குத் தண்டனை ஆரம்பித்துவிடும். வாசல் கதவை ஒட்டியிருந்த ஜன்னலுக்கு அம்மா கோணியைத் தொங்கவிடுவாள். எதிர்ச் சுவர் ஓரமாக நைனா பாய் போட்டு, அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்கக்கூடாது.

"உலைக்கு முன்னால நிக்கற மனுஷன்டி. தூக்கம் கெட்டுப் போயி அங்க ஒரு நிமிசம் கண்ணு சொருகிச்சினா இன்னா ஆவும் தெரியுமா?" என்பாள் அம்மா. தெரியாது. ஆனால் அவள் அதைச் சொல்லும்போது தாலியைப் பிடித்துக்கொள்வாள்.

நாங்கள் சத்தம் போடக்கூடாதே தவிர, நைனா போடுகிற சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. அவருடைய குறட்டை எட்டு வீட்டுக்கும் கேட்கும். அத்தை எங்களோடு இருந்த காலத்தில் அதை வைத்தே எங்களைச் சிரிக்க வைப்பாள்.

"சின்ன வயசுல மாங்கா திருடப் போவச் சொல்ல இந்தக் கொறட்டயத் தான் காவலுக்கு வச்சிட்டுப் போவேன். ஓடிக்கினு இருந்தா பயம் இல்ல. நின்னுச்சினா உங்க நைனா முயிச்சிக்கினாருன்னு அர்த்தம். உட்டேன் சவாரினு திரும்பி வந்து படுத்துக்குவேன்."

அத்தை நைனாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு நைனாதான் அவளை வளர்த்தார். தீக்குச்சி டப்பாவுக்குத் தாள் ஒட்டுகிற கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் கரகரத்த குரல். என்னைப் பங்காரு என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான், தெலுங்கில் தங்கம் என்று அர்த்தமாம். அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்தது அவள். பேய்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும் கற்றுக்கொடுத்ததும் அவள்.

உச்சி வெயிலில்தான் அதுங்க நடமாடுமாம். செத்த பிறகு யாரும் சோறு வைக்காதவர்கள் பசியோடு அலைவார்களாம். தெரிந்தவர்களின் குரலில் வந்து வாசலில் நின்று கூப்பிடுவார்களாம். அந்தக் குரலுக்கு 'ஏன்' என்று பதில் கொடுத்துவிட்டால் உயிர் அதன் பின்னாலேயே போய்விடும். "ஆனா அதுங்களால ரெண்டு தபாக்கு மேல கூப்ட முடியாது பங்காரு. மூணாவது தபா கூப்ட்டா அது மனுசங்க. அப்பத் தான் நாம வாயத் தொறக்கணும். எங்கம்மா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தது" என்பாள். இன்னொன்றும் சொல்லியிருந்தாள். சந்தேகமாக இருந்தால் காலைப் பார், குதிகால் தரையில் படாது.

அந்த அத்தைதான் முந்தின வருஷம் செத்துப்போனாள். அதாவது, நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வேலைக்குப் போனவள் வரவில்லை. அவளுடைய கிளி போட்ட நீல டிரங்குப் பெட்டியும் வீட்டில் இல்லை. நைனா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் எங்கெங்கோ அலைந்துவிட்டு நாலாம் நாள் காலையில் வந்தார். வீட்டுக்குள் வராமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார். சட்டை வேட்டியோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அவளத் தல முயுகிட்டேன். நீங்களும் ஊத்திக்கினு உள்ள வாங்க. இனிமே அந்தப் பேரு இந்த ஊட்ல கேக்கக் கூடாது" என்றார். அம்மா அழுதுகொண்டே என் தலையில் ஒரு குடம், தம்பி தலையில் ஒரு குடம் கவிழ்த்தாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எனக்கே தெரியும். மூன்றாவது வீட்டுத் தாத்தா செத்தபோது லைனில் அத்தனை பேரும் இப்படித்தான் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு உள்ளே போனார்கள். ஆக, அத்தை செத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொன்னேன். அவர் பாவம், என்னை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தவள் பாதிக் கொய்யாப்பழம் கொடுத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் தடா ஊர் லாரிக்காரன் ஒருவனோடு அத்தை போய்விட்டாள் என்பதும், அவன் எங்கள் ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது.

எனக்கு உறுத்தியதெல்லாம் ஒன்றுதான். தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் படையல் போட்டார்கள். அத்தைக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை. அமாவாசைக்குக்கூட ஒரு பிடி சோறு இல்லை. அப்படியானால் அவள் அலைந்துகொண்டுதானே இருப்பாள்? நானே ஒரு அமாவாசைக்கு என் தட்டிலிருந்து கருவாட்டுத் துண்டோடு ஒரு உருண்டை எடுத்துப்போய்க் கிணற்று மேட்டில் வைத்தேன். காக்கா வருவதற்குள் நாய் தின்றுவிட்டது. அன்றிலிருந்து உச்சி வெயிலில் தனியாக வெளியே போகவே எனக்குப் பயம்.

சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை அது. பூரி ஆயிற்று, நைனா படுத்தாயிற்று. பழவேற்காட்டுக்காரியிடம் நண்டு வாங்கி உயிரோடு சட்டியில் போட்டு மூடியிருந்தாள் அம்மா. சோறு வடித்து வைத்துவிட்டு, வாரத்து அழுக்குத் துணியை மூட்டை கட்டினாள். ஏரிக்குப் போய்த் துவைத்துவிட்டு வந்து குழம்பு வைப்பதாகத் திட்டம். சத்தம் போடுகிற ஜாதி என்பதால் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் காதருகே குனிந்தாள்.

"நான் வர வரைக்கும் தாப்பா எடுக்காத. எவ வந்து கூப்ட்டாலும் வாயத் தொறக்காத. நைனா எயுந்தாரு, தோல உரிச்சிடுவேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அம்மாவின் பழைய புடவையை நாலாக மடித்து, சத்தம் வராமல் அதன்மேல் அஞ்சாங்கல் ஆடினேன். கோணி போட்ட அறையில் அரை இருட்டு. நைனாவின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்புக்குப் பின்னால் நண்டுகள் சட்டியைப் பிராண்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் போனதும் லைனில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. குழாயடியில் பேச்சு இல்லை, ஒரு கோழிகூடக் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எல்லாரும் படுத்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது லைனில் நானும் நண்டும்தான் மிச்சம் என்று தோன்றியது.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"ண்ணா."

கதவுக்கு வெளியிலிருந்து. ரொம்பக் கிட்டத்தில். கரகரத்த குரல்.

கல் என் புறங்கையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் தலை முழுகிய குரல் அது. காதுக்குள் என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. அதுமட்டும்தான் கேட்டது. ஏனென்றால் நைனாவின் குறட்டை நின்றுபோயிருந்தது.

என் பயம் அத்தனையும் அந்த நிமிஷம் நைனாமேல் திரும்பியது. கூப்பிட்டது அவரைத்தான். தூக்கக் கலக்கத்தில் மனுஷன் 'இன்னா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அவர் முதுகையே பார்த்தேன். சொல்லாத நைனா, சொல்லாத நைனா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

எங்கள் கதவுக்கும் தரைக்கும் நடுவே பூனை நுழைகிற அளவுக்குச் சந்து உண்டு. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்திருந்தது. அந்த வெயிலில் ஒரு நிழல் நகர்ந்தது. எப்படித் துணிந்தேனோ, குப்புறப் படுத்துச் சந்தில் கண்ணை வைத்தேன்.

இரண்டு கால்கள். புழுதி படிந்து, வெடித்த கால்கள். இடது காலில் சுண்டு விரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. அத்தையின் கால்தான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் நீல டிரங்குப் பெட்டி, அதன்மேல் கிளி. செத்தவர்கள் தங்கள் சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அதைப் பார்த்தேன். குதிகால்கள் இரண்டும் தரையில் படவில்லை. முன்பாதம் மட்டும்தான் மண்ணில் இருந்தது.

அதே நேரம் என் தலைக்குமேல் கோணி மெல்ல அசைந்தது. ஜன்னல் பக்கம் ஒரு கோடு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அது தரையில் ஊர்ந்து, பாயில் ஏறி, நைனாவின் முதுகில் போய் நின்றது. முதுகு அசையவில்லை. மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. செத்துத்தான் போய்விட்டாரோ என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ண்ணா."

இரண்டாவது. முதலில் கூப்பிட்டதைவிட மெதுவாக. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நைனா பதில் சொல்லவில்லை. வெளிச்சக் கோடு மறைந்தது. குதிகால்கள் தரைக்கு இறங்கின.

இனிமேல் கூப்பிட முடியாது, அதுங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது போகவில்லை. கதவுக்கு வெளியே அதே இடத்தில் நின்றது. ஏன் போகவில்லை என்று யோசித்தேன், யோசித்ததும் சட்டென்று விளங்கிவிட்டது. பசி. யாரும் சோறு வைக்கவில்லை, அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். கொடுத்தால் போய்விடுவாள், நைனாவை விட்டுவிடுவாள். அந்தப் பயத்திலும் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. நமக்கு மாங்காய் கீறி உப்பு மிளகாய் தொட்டுக் கொடுத்த அத்தைதானே.

தவழ்ந்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். காலையில் நக்கிப் போட்ட மந்தார இலை இருந்தது. அதில் ஒரு பிடி சோறு எடுத்து வைத்தேன். காக்காய்க்கு வைக்கும்போது அம்மா செய்கிற மாதிரியே கொஞ்சம் எள்ளும் தூவினேன். தவழ்ந்து வந்து, கதவுச் சந்து வழியாக இலையை மெல்ல வெளியே தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

கால்கள் அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு ஒரு கை கீழே வந்தது. கண்ணாடி வளையல் ஒன்றே ஒன்று கிடந்த கை. இலையைத் தொட்டது. எள்ளின்மேல் விரல் நின்றது.

"பங்காரு" என்று கேட்டது. அது கூப்பிட்டது இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இலையோடு சோற்றைக் கை எடுத்துக்கொண்டது. பெட்டியின் இரும்புப் பிடி கிணுகிணுத்தது. கால்கள் திரும்பி, வெயிலில் கொஞ்ச தூரம் போய், சந்தின் ஓரத்தில் மறைந்தன. போகும்போது குதிகால் தரையில் பட்டதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நைனாவின் குறட்டை திரும்ப வரவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, தூங்கி எழுந்த குரலாக இல்லாமல், "மணி இன்னா?" என்று கேட்டார்.

"சங்கு ஊதிட்டாங்க நைனா."

"ம்."

உயிரோடுதான் இருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் முதுகில் போய் ஒட்டிக்கொண்டேன். என்றைக்கும் தள்ளிவிடுகிறவர் அன்றைக்குத் தள்ளவில்லை. அவர் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பேய்க்காற்று பட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அம்மா வந்ததும் ஈரத்துணி மூட்டையை இறக்கக்கூட விடாமல் நடந்ததைச் சொன்னேன். அத்தை வந்தது, இரண்டு தபா கூப்பிட்டது, நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காதது, சோறு வைத்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நைனாவுக்கு உப்பு மிளகாய் சுத்திப்போடச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, தலைமுடி அவிழ்ந்து தொங்க, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடினாள். வெகுநேரம் கழித்துத் தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

"கொயந்த கெனா கண்டிருக்கும்" என்றார் நைனா.

"நீ இன்னா கண்ட?" என்று கேட்டாள் அம்மா. என் நினைவில் அவள் நைனாவை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

நண்டுக் குழம்பை நைனா தொடவில்லை. சோறே வாணாம் என்றுவிட்டு, சங்கு ஊத ரெண்டு மணி நேரம் இருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப்போனார். அவர் பங்கு நண்டுக் காலையும் சேர்த்து நானும் தம்பியும் உடைத்து உறிஞ்சினோம். அடுத்த நாள் அம்மா எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தடாவுக்குப் போய்வந்தாள். அந்த லாரிக்காரன் விட்டுவிட்டுப் போய் மூன்று மாசம் ஆகிறதாம். வாடகை அறையைக் காலி செய்துகொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நெல்லூர்ப் பக்கம் என்றார்கள், செங்கல் சூளை வேலை என்றார்கள். நைனா லீவு கிடைத்தபோதெல்லாம் எங்கேயோ போய்வந்தார். எங்கே என்று சொன்னதில்லை.

இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின வாரம். அப்போதும்கூட எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. உயிரோடிருந்தவளுக்கு எள்ளு போட்டுச் சோறு வைத்திருக்கிறேனே என்று. ஜன்னல் வழியாக உள்ளே பார்க்க எம்பி நின்றவளைக் குதிகால் இல்லாத பேய் என்று நினைத்தேனே என்று. அந்தச் சிரிப்பு அன்றைக்கு ராத்திரிக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது, அது தனிக் கதை. கல்யாணம் ஆகி முதல் தீபாவளிக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டின் நடுவில் தம்பி வழக்கம்போல என்னை வம்புக்கு இழுத்தான். "நைனா உயிர காப்பாத்தினவ வந்துக்கிறா, இன்னொரு பீஸ் வைங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நைனா மட்டும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கதவுச் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தபா கூப்டுவாளுன்னு இருந்தேன்" என்றார். "கூப்ட்டிருந்தா எயுந்திருப்பேன்."

கை கழுவ எழுந்து போய்விட்டார். அந்தக் குறட்டையைக் காவலுக்கு வைத்து வளர்ந்தவள் அத்தை. முதல் தபாவிலேயே அது நின்றது அவள் காதிலும் விழுந்திருக்கும். அண்ணன் முழித்துக்கொண்டுதான் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும் இன்னொரு தபா கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பதிலாகக் கதவுக்கு அடியில் எள்ளுச் சோறு வந்தது. அதை யார் சொல்லி நான் வைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டு போனாளோ, தெரியாது. ஒன்பது வயதில் நான் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு மூணாவது தபா வரவே வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாலு முழம் தள்ளி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் அது வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.